மைனஸ் எட்டுக்கு ஒரு அழகான பிரேம்

எங்கள் தலைமுறையில் கண்ணாடி போட்ட ஆணையும் கண்ணாடி போட்ட பெண்ணையும் யாரும் ஒரே மாதிரி பார்த்ததில்லை. பெரியாருக்கும் அம்பேத்கருக்கும் வட்டக் கண்ணாடி அறிவின் அடையாளம். ராஜாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் கலைஞருக்கும் கறுப்புக் கண்ணாடி. சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியும் மட்டும் வரைந்தால் போதும், அது எம்.ஜி.ஆர். என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கலைஞரின் கண்ணாடிக்குப் பின்னால் விபத்தில் பட்ட காயம் இருந்தது. ஆனால் மக்கள் மனதில் அது அவருடைய முகத்தின் பாகமாகிவிட்டது.

பெண்ணுக்குக் கதை வேறு. வகுப்பில் 'சோடாபுட்டி'. கல்யாண போட்டோ எடுக்கும்போது "கண்ணாடியைக் கழட்டும்மா". பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நடக்கும்போதும் கண்ணாடி இருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையா மாப்பிள்ளையின் சித்தப்பாவா என்று தெரியாமலே தலையாட்டிய பெண்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். சினிமாவிலும் கதாநாயகி கண்ணாடியைக் கழற்றினால்தான் அழகியாவாள். என் அம்மா வழிச் சித்தி ஒருவருக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் ஐந்து பவர். கல்யாணமான பிறகும் மாமியார் வீட்டில் விசேஷம் என்றால் கண்ணாடி பீரோவுக்குள் போய்விடும். படிக்கட்டில் சுவரைப் பிடித்தபடி இறங்குவார். பார்வை இருந்தும் பார்க்க விடாத அந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அதனால்தான் இன்று கண்ணாடி ஃபேஷன் ஆகிவிட்டது என்று யாராவது அலுத்துக்கொண்டால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. கல்லூரிப் பெண்கள் புடவைக்கு ஒன்று, ஜீன்ஸுக்கு ஒன்று என்று பிரேம் வைத்திருக்கிறார்கள். மணமேடையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணைப் பார்க்கிறேன். பவரே இல்லாத சில பிள்ளைகள் அழகுக்காகவே பிரேம் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கண் நலத்துக்கு எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் இன்று உலகமே வந்து பார்க்கும் இடம். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த கண்ணாடியை வெட்கமில்லாமல் முகத்தில் மாட்டிக்கொள்ள வைத்ததில் ஃபேஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. பிடித்த கண்ணாடியைத்தான் மனிதர்கள் நாள் முழுக்கப் போடுவார்கள். பிடிக்காதது பீரோவில் கிடக்கும்.

சரி, பிடித்த பிரேமை எப்படித் தேர்ந்தெடுப்பது? முகம் வட்டமா சதுரமா என்று பார்த்து பிரேம் சொல்லும் படங்கள் நிறைய வருகின்றன. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. என்னைப் போல் மைனஸ் எட்டு என்று பவர் அதிகமுள்ளவர்கள் முகத்தின் வடிவத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது பிரேமின் உள்பக்கம் அச்சடித்திருக்கும் எண்களை.

காதுப் பக்கம் போகும் கம்பியின் உள்ளே 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் உட்காரும் பாலத்தின் அகலம், மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். கடையில் பி.டி. என்று ஒன்று அளப்பார்கள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் அது. பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 60ஐ ஒட்டி, சற்று முன்பின்னாக இருக்கும். பிரேமின் முதல் இரண்டு எண்களைக் கூட்டினால் வரும் தொகை உங்கள் பி.டி.க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சூட்சுமம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லித்தரும் கடைகள் குறைவு.

காரணம் எளியது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு தடிமன், அதுவும் வேகமாக ஏறும். என் பி.டி. 60. நான் 54, 18 அளவுள்ள பெரிய பிரேம் எடுத்தால் கூட்டுத்தொகை 72. என் கண் லென்ஸின் நடுவில் உட்காராமல் மூக்குப் பக்கம் ஒதுங்கிவிடும், வெளி ஓரம் வெகுதூரம் போய்விடும். மைனஸ் எட்டுக்குச் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் 10 மி.மீ.க்கு மேல் போகும். அதே லென்ஸை 46, 20 அளவுள்ள பிரேமில் வெட்டினால் ஏறக்குறைய 7 மி.மீ.தான். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பெரிய பிரேமை விட மனசில்லாமல், ஒளியை அதிகம் வளைப்பதால் மெல்லியதாகச் செய்ய முடிகிற, விலை பல மடங்கான 1.67 ஹை இண்டெக்ஸ் லென்ஸைப் போட்டாலும் தடிமன் 7, 8 மி.மீ.க்குக் கீழே வருவது கஷ்டம். சரியான பிரேமும் சாதாரண லென்ஸும் தரும் பலனைத்தான் அவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறோம். சின்ன பிரேமில் ஹை இண்டெக்ஸ் போட்டால் 'சோடாபுட்டி' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

ஹை இண்டெக்ஸில் ஒரு குறையும் உண்டு. ஒளியை அதிகம் வளைக்கும் பொருள் பொதுவாக நிறங்களையும் அதிகம் பிரிக்கும். லென்ஸின் ஓரம் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சுவரின் விளிம்பில் ஊதாவும் மஞ்சளும் மெல்லியதாகத் தெரியும். சி.ஆர்.39 என்கிற பழைய பிளாஸ்டிக் இந்த விஷயத்தில் இன்னும் ராஜாதான். பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் இதில் பின்தங்கியது, ஆனால் அடி தாங்கும், லேசில் உடையாது. விளையாடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் வேறு யோசனையே தேவையில்லை, பாலிகார்பனேட்தான்.

பிரேமின் பொருளிலும் நம் ஊருக்கு ஏற்றது, ஏற்காதது உண்டு. சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்றும் வேர்வையும் உள்ள ஊர்களில் மலிவான மெட்டல் பிரேம் சில மாதங்களில் பச்சை பிடிக்கும். உலோகத்தில் இருக்கும் செம்பும் வேர்வையும் சேர்ந்து செய்கிற வேலை. சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் காதோரம் அரிக்கும், தோல் கறுக்கும். அவர்களுக்கு டைட்டானியம் நல்லது, விலை கூடுதல். 'ஷெல் பிரேம்' என்று கடைகளில் சொல்வதில் நல்ல ரகம் அசிடேட். பருத்தி, மரக்கூழ் போன்றவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்வது. ஆமை ஓட்டு மாதிரி அழகான நிறங்கள் அதில்தான் வரும். அதைச் சூடு காட்டி முகத்துக்கு ஏற்ப வளைக்கவும் முடியும். டி.ஆர்.90 என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக் எடை குறைவு, வளைந்து கொடுக்கும், ஆனால் கடைக்காரரால் அதிகம் சரிசெய்ய முடியாது. என்னுடைய தேர்வு எப்போதும் அசிடேட். அதன் தடித்த விளிம்பு லென்ஸின் ஓரத்தை மறைத்துவிடுவது எனக்குக் கூடுதல் லாபம்.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறக்குமதி பிரேம்கள் பல, பாலம் உயர்ந்த மூக்குக்காகச் செய்தவை. நம்மில் பலருக்கு அவை வழுக்கி நுனிக்கு வந்துவிடும். அழகுக்கு மட்டும் இல்லை, பார்வைக்கும் அது கேடு. மைனஸ் எட்டு லென்ஸ் கண்ணிலிருந்து வெறும் 5 மி.மீ. முன்னே நகர்ந்தாலே கால் பவருக்கு மேல் வலு குறைந்துவிடும். பவர் ஏறிவிட்டது என்று மருத்துவரிடம் ஓடுகிற சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது கடையில் கம்பியை இறுக்குவதும் மூக்குப் பட்டையை மாற்றுவதும்தான். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசுகூட வாங்க மாட்டார்கள்.

துடைப்பதும் இப்படித்தான். முந்தானையாலும் துப்பட்டாவாலும் காய்ந்த லென்ஸைத் துடைத்தால் மேலே உள்ள தூசியே மணல்தாளாகிக் கோட்டிங்கைக் கீறும். முதலில் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் தடவிக் கழுவி, பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை வைத்துவிட்டுப் போனால் சூட்டில் கோட்டிங் வெடித்து மெல்லிய வலை போலாகும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் அது போகாது.

ஃபேஷனுக்கு நான் நன்றி சொன்னாலும், அதன் பெயரில் விற்பதையெல்லாம் ஏற்கத் தயாரில்லை. எனக்கு மிகவும் பயம் தருவது கலர் கான்டாக்ட் லென்ஸ். கல்யாண மேக்கப்பில் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. மணப்பெண்ணின் கருவிழி எப்படி வளைந்திருக்கிறது என்று யாரும் அளக்காமல், மேக்கப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். ஹோமப் புகைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும், இரவு வரவேற்பு, களைப்பில் அதோடேயே தூக்கம். லென்ஸோடு தூங்குவதும், குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவதும் கருவிழித் தொற்றுக்கு வாசலைத் திறப்பது. குழாய்த் தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையே பறிபோகவும் கூடும். பவர் இல்லாத கலர் லென்ஸாக இருந்தாலும் கண் மருத்துவரிடம் அளவெடுத்து, கையைக் கழுவிவிட்டு, உங்களுடையதை நீங்கள் மட்டும் போட வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

கூலிங் கிளாஸ் அடுத்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் விற்கும் கறுப்புக் கண்ணாடியில் கறுப்பு மட்டும் இருந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை இல்லாவிட்டால், போடாமலிருப்பதே மேல். இருட்டுக்குக் கண்மணி விரியும், விரிந்த வாசல் வழியாகக் கதிர் கூடுதலாகவே உள்ளே போகும். வாங்கும்போது யு.வி.400 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்பகமான கடைகளில் அதைச் சோதிக்கும் சின்னக் கருவியும் இருக்கும். நாள் முழுக்க வெயிலிலும் காற்றிலும் பைக் ஓட்டுகிறவர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதைப் பார்க்கிறோம். அவர்களுக்குக் கூலிங் கிளாஸ் அவசியப் பொருள். மெட்ராஸ் ஐ வரும் பருவத்தில் தெருவே கறுப்புக் கண்ணாடியோடு நடக்கும் அல்லவா? கூச்சத்துக்கு அது உதவும். ஆனால் மெட்ராஸ் ஐ பார்வை வழியாகப் பரவுவதில்லை. கண்ணைத் தொட்ட கையும் துண்டும் தலையணையும்தான் பரப்புகின்றன.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் புளூ கட் லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னதும் அதைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. திரையால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைகிறது, கண் காய்கிறது, எரிகிறது. அதற்கு மருந்து சிமிட்டுவதும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பார்ப்பதும்தான். அந்தக் காசை நல்ல ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங்கில் போடுங்கள். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் லென்ஸில் சிதறுவது குறையும், போட்டோவிலும் கண் தெரியும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்' என்று போர்டு தொங்குகிறது. அந்த இயந்திரத்துக்குள் தெரியும் படத்தைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் காட்டும் எழுத்துகளைப் படித்துவிட்டு வந்தால் கண்ணைச் சோதித்தாகிவிட்டது என்று நினைக்கிறோம். அங்கே தெரிவது பவர் மட்டும். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து, மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண் அழுத்தமும் பார்க்க வேண்டும்.

என் மாதிரி ஆட்களுக்கு இது ஏன் கட்டாயம் என்றால், பவர் என்பது லென்ஸின் சமாச்சாரம் மட்டும் இல்லை. சராசரிக் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மி.மீ. நீளம். அது ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே இரண்டரை, மூன்று பவர் ஏறும். மைனஸ் எட்டு என்றால் கண்ணே நீண்டு, உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கிறது. மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்கு விழித்திரை கிழியவும் விலகவும் வாய்ப்பு அதிகம். திடீரென்று கண்ணில் மின்னல் அடிப்பது, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. கிழிசல் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் லேசரிலேயே முடிந்துவிடும். லேசிக் செய்துகொண்டவர்கள் கண்ணாடி போனதோடு இந்தக் கவலையும் போனதாக நினைக்கிறார்கள். லேசிக் கருவிழியைச் செதுக்குகிறது, கண்ணின் நீளத்தைக் குறைப்பதில்லை. வருஷாந்திரப் பரிசோதனை அவர்களுக்கும் உண்டு.

பொன்னாங்கண்ணியும் கேரட்டும் சாப்பிட்டால் பவர் இறங்கும் என்று சொல்லாத வீடு கிடையாது. கீரை கண்ணுக்கு நல்லதுதான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழியே கெடும். ஆனால் நீண்டுபோன கண்ணைக் கீரையால் சுருக்க முடியாது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பதும் பொய். குழந்தையின் கண் வளரும் வயதில் பவர் எப்படியும் ஏறும். கண்ணாடி போடாமல் விட்டால் மூளை சரியாகப் பார்க்கவே பழகாமல் சோம்பேறிக் கண் ஆகும் ஆபத்துதான் மிச்சம். அதைச் சரிசெய்ய ஏழெட்டு வயதுக்குள் கவனிப்பதே நல்லது. என் மகளுக்குப் பவர் வந்தபோது அவளுக்குப் பிடித்த நிறத்திலேயே பிரேம் வாங்கினோம். கூடவே பகல் வெளிச்சத்தில் தினமும் விளையாட்டு. வெளியே இருக்கும் நேரம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தைவான் 2010இலிருந்தே பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் நடத்துகிறது. நம் ஊரில் மதிய வெயில் கொளுத்தும். காலையும் மாலையும் போதுமே.

நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து. ஆண்கள் செய்தித்தாள் படிக்கச் சிரமம் என்று உடனே கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்க முடியாமலும் ஊசியில் நூல் கோக்க முடியாமலும் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அசாமில் நாற்பது வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பக்கத்துப் பார்வைக்கு எளிய கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலை, கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. கூலி பறித்த எடைக்கு என்று இருக்கும் இடத்தில் அது நேரடியாகக் கையில் வரும் காசு. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கண்மணியின் நடுவிலிருந்து கீழ் விளிம்புவரை 18 மி.மீ.யாவது இருக்கும் பிரேமாக எடுங்கள். ஒல்லியான ஸ்டைல் பிரேமில் படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுவிடும். பிரேமை முகத்தில் மாட்டிச் சரிசெய்த பிறகே லென்ஸில் குறி போடச் சொல்லுங்கள்.

நாற்பதில் இன்னொன்றும் தொடங்க வேண்டும், கண் நீர் அழுத்த நோய்க்கான பரிசோதனை. வலி இருக்காது, சிவக்காது, எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடலாம். ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பாது, ஆனால் சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கும் அப்படியே. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

எங்கள் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் இருப்பது, ஷோரூம் ஷோரூமாகப் போய் எனக்குப் பிரேம் தேடிய அதே வாரத்தில் வேறு எதற்கோ மருத்துவமனை போனபோது தெரிந்தது. இடது கண்ணின் ஓரப் பார்வையில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புது பிரேமுக்கு அனுமதி உண்டு, ஆனால் மருத்துவரிடம் போய் மருந்து விட்டுப் பார்த்த சீட்டு முதலில் வர வேண்டும். நான் காட்டிவிட்டேன், அக்காவும் காட்டிவிட்டாள். தம்பி மட்டும், "எனக்குக் கண்ணாடியே கிடையாது, எனக்கு எதுக்குக்கா?" என்கிறான். கண்ணாடி இல்லாதவனுக்குத்தான் யாரும் கண்ணைப் பார்ப்பதே இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அவனுக்கும் சேர்த்து டோக்கன் போட்டாயிற்று. மருந்து விட்டால் சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, அதனால் நானே கூடப் போகிறேன்.